உன் படம் போன வழி

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாயே, "யாரும்மா முதல்ல வெளிய விட்டது?" என்று, அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. நான் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் நீ நாலு வார்த்தை பேசினாய். படத்தை வாங்குவதாக இருந்த அந்த ஆன்லைன் கம்பெனிக்காரர்கள், "உங்க படம்தான் எல்லார் போன்லயும் கிடக்குதே, நாங்க எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்துபோனது. அடுத்த மாதம் லீவில் வந்ததும் முதல் வேலையாகப் போலீஸில் புகார் கொடுப்பேன், அவன் யாராக இருந்தாலும் விடமாட்டேன் என்றாய். "பேரைக்கூட மாத்தி வச்சிருக்கான் திருட்டுப் பய" என்றாய். நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன். மஸ்கட்டில் உனக்கு வேலையில்லாத வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் படி. அவசரத்தில் படிக்காதே.

நீ எடுத்த ‘உறங்காப்பட்டி’ படத்தின் கதையை முதன்முதலில் சொன்னது என்னிடம்தான். நான் கம்பெனி கேன்டீன் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு ஊர், அந்த ஊரில் யாரும் தூங்கக் கூடாது, ஏனென்றால் எல்லாருக்குமாகச் சேர்த்துத் தலைவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று ஆரம்பித்தாய். நான் சிரித்ததில் எனக்குப் புரை ஏறிவிட்டது. தலைவர் தூங்கும்போது சத்தம் போடக் கூடாது, கொட்டாவி விட்டால் அபராதம், ஊர் எல்லையில் செக்போஸ்ட் போட்டுத் தலையணைகளைப் பறிமுதல் செய்வார்கள், முடியாதவர்கள் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வருவார்கள் என்று நீ சொல்லச் சொல்ல, அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு சிரிப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற இந்த ஓசூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் அந்தக் கதை வரும்.

செக்போஸ்ட்டில் தலையணை பிடுங்குகிற சிப்பாயாக நடிக்க உனக்கு நடிகன் கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் உன்னோடு படித்த தங்கவேலைக் கூட்டிவந்தாய். காவேரிப்பட்டினத்துப் பையன். ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, எனக்கு நடிக்கல்லாம் வராதும்மா. கொட்டாவி விடணும்னா சொல்லுங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வந்துர்றேன், அது தானா வரும்" என்றான். அதையே நீ பிடித்துக்கொண்டாய். பேரிகை போகிற சாலையில் மூடிக் கிடந்த கிரானைட் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷூட்டிங். தூங்காமல் வந்த அவன் கண்களைத்தான் நீ படமெடுத்தாய். பறிமுதல் செய்த தலையணைகளை மலைபோலக் குவிக்க வேண்டும் என்று நம் தெருவில் வீடு வீடாகப் போய் நான் தலையணை கேட்டு வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கும்போது எது யாருடையது என்று தெரியாமல் தெருவே சண்டைக்கு நின்றதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சண்டையில் தங்கவேல்தான் நடுவே புகுந்து, "தலைவர் தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று படத்து வசனத்தைச் சொன்னான். சண்டை போட்டவர்களே சிரித்துவிட்டார்கள்.

தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. அதைப் பற்றி நீயும் நானும் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமை வந்த படம், திங்கட்கிழமை அதன் போஸ்டர் மேலேயே வேறு படத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். கடைசி ஆட்டம் முடிந்து வெளியே நின்றபோது ஒரு பெரியவர் உன் தோளைத் தட்டி, "ஏசி நல்லா இருந்துச்சு தம்பி, நிம்மதியாத் தூங்கினேன்" என்றார். அவர் எதிரே நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். பணம் போட்ட பட்டறை முதலாளி ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இது இனி உன் சொத்து, எனக்கு வேணாம்பா" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார். அதை நீ பீரோவில் பூட்டினாய். உன்னைப் போலவே சோர்ந்துபோன பிள்ளைகளைக் கேன்டீனில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வேளை சோறு சாப்பிட்டால் தேறிவிடுவார்கள். நீ தேறவில்லை. மஸ்கட்டில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டாய்.

நீ கிளம்பிய அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குத் தங்கவேல் ஓடி வந்தான். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. படத்தின் காப்பி ஒன்று வேண்டும் என்று கேட்டான். அவன் மனைவி மஞ்சுளா அப்போது பேரிகையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருந்ததால் தியேட்டரில் படத்தைப் பார்க்கவில்லை. நீ ஒரு மெமரி கார்டை எடுத்துக் கொடுத்து, யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியம் கேட்டாய்.

"மஞ்சுவுக்குமாடா?"

"யாருக்கும்னா யாருக்கும்தான். ஊர் சிரிச்சது போதும்."

"ஊர் சிரிக்கலயே, அதாண்டா நம்ம பிரச்சினையே" என்றான் அவன். நீகூட அப்போது சிரித்துவிட்டாய். பிறகு அவன் உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று நான் பார்த்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு அவன் சம்பளம் வாங்கியதும் ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வருவான். "இன்னாம்மா உங்க புள்ள, போன் போட்டா எடுக்கவே மாட்டேங்குறான்?" என்பான். வேலை அதிகம் என்று நான் சொல்வேன். அவன் குரலைக் கேட்டால் உனக்குப் படம் ஞாபகம் வரும், அதனால்தான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். "அவன் மறுபடியும் தியேட்டர்ல விடுவாம்மா. அப்ப மஞ்சுவக் கூட்டிக்கிட்டுப் போயி முதல் வரிசைல உக்காரப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். ஒரு சொல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கூப்பிடுகிறவனுக்கு நம்மிடம் ஒன்றும் வேண்டியிருக்காது ஐயா, பல நேரம் நாம் இருக்கிறோமா என்று மட்டும்தான் பார்க்கிறான். எடுத்து, "இருக்கேண்டா" என்றால் போதும்.

வாடகை குறைவு என்று தங்கவேலும் மஞ்சுளாவும் குருபரப்பள்ளியில் குடியிருந்தார்கள். கம்பெனி பஸ் சூளகிரியோடு நின்றுவிடும். அங்கிருந்து அவன் தன் வண்டியில் போவான். மாற்று ஆள் வரவில்லை என்று அன்றைக்கு அவனை அடுத்த ஷிஃப்ட்டுக்கும் நிறுத்தி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்கப் பார்க்க, ரோட்டோரம் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். பார்த்தவர்கள் ஹாரன் அடித்தார்களாம், பிரேக் போடவே இல்லையாம். கண் சொருகியிருக்கும் என்றார்கள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

உன்னால் வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய், அது உண்மைதான் என்று நானும் எல்லாரிடமும் சொன்னேன். உடலை எடுக்கும்போது மஞ்சுளா தவித்துப்போய்க் கூட்டத்தில் யாரையோ தேடினாள். "அண்ணா வரலையா அத்தை?" என்று கேட்டாள். உன்னைத்தான் கேட்டாள்.

காரியத்தன்று அவன் லைனில் வேலை பார்த்த பிள்ளைகள் வந்திருந்தார்கள். வண்டியோடு சேர்ந்து போனும் நொறுங்கியிருந்தது. குழந்தையின் போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று மஞ்சுளா அழுதாள். அவர்களில் ஒருவன் மெமரி கார்டைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தான். குழந்தையின் போட்டோக்கள் இருந்தன. அவற்றோடு பெரிய வீடியோ ஒன்றும் இருந்தது. அதற்குத் தங்கவேல் வைத்திருந்த பெயர், "யாருக்கும் இல்லை."

ஆமாம் ஐயா. பெயரை மாற்றியது திருடன் இல்லை. உனக்குச் செய்த சத்தியத்தைத்தான் அவன் பெயராக எழுதி வைத்திருந்தான். வீட்டில் வேறு யாராவது கையில் போன் கிடைத்தால் தவறித் திறந்துவிடக் கூடாது என்று வைத்திருப்பான். கட்டிய மனைவிக்குக்கூட அவன் அதைக் காட்டவில்லை.

மஞ்சுளா தெலுங்குக்காரி, துக்கத்தில் இரண்டு பாஷையும் கலந்துதான் அவளுக்கு வந்தது. "ஒக்கசாரி அத்தை, ஒரே ஒரு வாட்டி அவர் நடந்து வர்றதப் பாத்துக்கறேன்" என்றாள். நான் என்ன சொல்ல முடியும்? அந்தச் சின்ன வீட்டில் டி.வி.யில் போட்டார்கள். செக்போஸ்ட்டில் நின்று அவன் கொட்டாவியை அடக்க மூக்கைப் பிடித்துக்கொள்கிற இடம் வந்ததும், மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் சத்தமாகச் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். அடுத்து இன்னொருவன் சிரித்தான். "நம்ம சூப்பர்வைசரு மாதிரியே இருக்கான்டா இந்தத் தலைவரு" என்று ஒருவன் சொன்னதும் வீடே சிரித்தது. மஞ்சுளா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். உன் படத்துக்கு முதல் சிரிப்பு ஓர் இழவு வீட்டில்தான் கிடைத்தது. சிரித்தவர்கள் எல்லாரும் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். தியேட்டரில் படத்தைப் பார்த்தவர்கள் யாரோ, நீ யாருக்காக எடுத்தாயோ அவர்கள் வேறு யாரோ என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் முடிந்ததும், "அக்கா, எங்களுக்கும் அனுப்பிக்கலாமா? தங்கவேல் ஞாபகமா இருக்கும்" என்று கேட்டார்கள். மஞ்சுளா உடனே சரி என்று சொல்லவில்லை. "அண்ணா ஒத்துக்குவாரா அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். நான் உன் நம்பருக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை போட்டேன். எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "எடுத்துக்கோங்க. இந்த ஊட்டுக்குள்ள நானு மட்டும் வச்சிருந்து என்ன பண்ணப் போறேன்? நாலு பேரு கண்ணுல இருக்கட்டும்" என்றாள். நெட் இல்லாமலே ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்ப வழி இருக்கிறதாம். அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அனுப்பிக்கொண்டார்கள். நீ தேடுகிற அந்த ஆள் மஞ்சுளாதான்.

பிறகு உன்னோடு பேசும்போதெல்லாம் சொல்லப் பார்த்தேன். "அந்தப் பேச்ச எடுக்காதம்மா" என்று முதல் வார்த்தையிலேயே நிறுத்திவிடுவாய்.

அது போன வழியை நான் கேன்டீனில் நின்றபடியே பார்த்தேன். ஒரு மதியம் வரிசையில் வந்த தர்மபுரிப் பையன் தட்டை நீட்டி, "அக்கா, இன்னொரு கரண்டி போடுங்க. தலைவர் தூங்குறாரு, பாக்க மாட்டாரு" என்றான். என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. என்னப்பா அது என்று கேட்டேன். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் போனை வைத்துக் காட்டினான். தங்கவேல் தலையணையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் படமும் பெரியதாக இருக்கிறதென்று யாரோ அதைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். முதல் துண்டை யாரும் வைத்துக்கொள்வதில்லை. "அதுல வெறும் பேருதான்க்கா ஓடுது" என்றான். உன் பெயரும் தங்கவேல் பெயரும் அந்தத் துண்டில்தான் இருந்தன. ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தது. கிடைத்தவர்கள் மீதியைத் தேடினார்கள். "எங்கிட்ட ஆறு இருக்கு, உங்கிட்ட ஏழு இருக்கா?" என்று கம்பெனி பஸ்ஸில் சீட்டு விட்டு சீட்டு கேட்டுப் போனார்கள். தங்கவேலிடம் தலையணையைப் பறிகொடுத்த குழந்தை என்ன ஆயிற்று என்று தெரியாமல் வாரக்கணக்கில் தவித்த ஒருவன், அந்தத் துண்டு சந்தாபுரத்தில் அறை எடுத்திருக்கும் ஒரு சிநேகிதனிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு எல்லை தாண்டிப் போய் வாங்கி வந்தான். ஒடிசாப் பையன்கள் வசனம் புரியாமலே பார்த்துச் சிரித்தார்கள். கொட்டாவிக்கு என்ன பாஷை? யாரோ கன்னடத்தில் கீழே எழுத்துப் போட்டார்கள். மொபைல் ரீசார்ஜ் கடைகளில் பாட்டு ஏற்றுவதுபோல அதையும் ஏற்றிக் கொடுத்தார்கள். தியேட்டரில் உட்காரவைத்துக் காட்டியபோது வேண்டாம் என்ற ஊர், தேடிப் பிடிக்க வேண்டும் என்றானதும் விடவில்லை.

பெயர் இல்லாததால் கதை கட்ட ஆரம்பித்தார்கள். கேரளாக்காரன் எடுத்தது என்றார்கள். அரசாங்கம் தடை செய்த படம் என்றார்கள். அந்தத் தர்மபுரிப் பையனே ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "டைரக்டரு செத்துட்டாராங்க்கா. மனசு ஒடஞ்சு போயிட்டாராம்" என்றான். நான் உள்ளே போய் இட்லிக் கொப்பரைப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆவியில் முகம் வியர்த்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

தங்கவேல் வேலை பார்த்த கம்பெனியில் மறுபடியும் ஆட்களை இரண்டு ஷிஃப்ட்டுக்குச் சேர்த்து நிறுத்தியபோது, ஒரு காலை வாசலில் தொழிலாளிகள் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஆளுக்கு ஒரு தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். செக்யூரிட்டிக்கு எதைத் தடுப்பது என்று தெரியவில்லை. தலையணை கொண்டுவரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லையாம். கடைசியில் அவர் ஒருவனிடமிருந்து தலையணையைப் பிடுங்கப் போக, கூட்டம் முழுக்கக் கொட்டாவி விட்டது. நம் கேன்டீனில் இதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். கொஞ்ச நாள் இரட்டை ஷிஃப்ட் நின்றது. பிறகு வேறு பெயரில் வந்தது. அதுவும் உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். படம் ஒன்றும் உலகத்தைத் திருப்பிப் போட்டுவிடவில்லை. ஆனால் அன்றைக்கு அவர்கள் தனியாக நிற்கவில்லை.

பெங்களூரில் ஒரு கல்லூரி அரங்கில் படத்தைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் நான் பஸ் ஏறிப் போனேன். வாசலில் கொட்டை எழுத்தில் "யாருக்கும் இல்லை" என்று எழுதியிருந்தது. உள்ளே உட்கார இடமில்லை. தங்கவேல் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் அவன் வசனத்தைச் சொன்னார்கள். கன்னடக்காரப் பிள்ளைகள் தமிழில் சொன்னார்கள். அந்த இருட்டில் நீ இருந்திருக்க வேண்டும் ஐயா. நீ கஷ்டப்பட்டு வைத்த ஒவ்வொரு இடத்திலும், நீ நினைத்த அதே இடத்தில், சிரித்தார்கள். படம் முடிந்ததும் ஒரு மாணவன் மேடையேறி, இதை எடுத்தவர் யாரென்று தெரியவில்லை, அவர் உயிரோடு இல்லை என்று சொல்கிறார்கள், அவருக்காக எழுந்து மௌனமாக நிற்போம் என்றான். எல்லாரும் எழுந்தார்கள். மஸ்கட்டில் நீ எங்கேயோ ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்திருப்பாய். இங்கே உனக்கு அஞ்சலி செலுத்தினார்கள். என் பிள்ளை இருக்கிறான் என்று கத்தத் தோன்றியது. உன் பெயரை நீயே வந்து சொல்ல வேண்டும் என்று பட்டதால் அடக்கிக்கொண்டேன். நானும் எழுந்து நின்றேன். தங்கவேலுக்காக நின்றேன்.

இதிலெல்லாம் மஞ்சுளாவுக்கு என்ன கிடைத்தது என்று நீ கேட்கலாம். அவன் கொட்டாவி விடுகிற முகத்தை வெட்டி, "தலைவர் தூங்குறார்" என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். காலையில் குட்மார்னிங்குக்கு, ராத்திரி குட்நைட்டுக்கு, லேட்டாக வருகிறவனைக் கிண்டல் செய்ய, எல்லாவற்றுக்கும் அந்த முகம்தான். அவள் சொந்தத் தம்பி இருக்கிற குரூப்பிலேயே யாரோ தெரியாமல் போட்டார்கள். "கோவம் வரல அத்தை. அவங்களுக்கு என்ன தெரியும்? ஆனா நானு ஒருத்தி, அந்த மூஞ்சியப் பாத்துட்டு அன்னிக்கு வேலைக்குப் போகணுமில்ல" என்று என்னிடம் சொன்னாள். நாலு பேர் கண்ணில் இருக்கட்டும் என்று கொடுத்தவள் அவள். எத்தனை பேர் கண்ணில் என்பதை அவள் யோசித்திருக்கமாட்டாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழி எதுவும் கிடையாது. அதையும் அவள் தெரிந்துகொண்டாள்.

சட்டப்படி நீ சொல்வது சரிதான். உன் உழைப்பு. கேட்காமல் எடுத்தார்கள். உன் பெயரையும் வெட்டி எறிந்தார்கள். அதற்கு நீ கோபப்படுவதை நான் தவறு என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். ஆனால் பூட்டி வைத்திருந்த ஹார்ட் டிஸ்கை நேற்று நம் பக்கத்து வீட்டுப் பெண் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் திறக்கவில்லை, கெட்டுப்போயிருக்கிறது என்றாள். சரிசெய்ய ஆட்கள் இருக்கிறார்களாம், நீ வந்து பார்த்துக்கொள். இன்றைய தேதிக்கு உன் படம் உயிரோடு இருப்பது அந்தப் பிள்ளைகளின் போன்களில்தான்.

செவ்வாய்க்கிழமை நான் பேரிகைக்குப் போய் மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் அம்மா வீட்டோடு வந்துவிட்டாள். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வேலை. கையெல்லாம் முள் கீறல். நீ போனில் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். நீ வந்து புகார் கொடுத்தால் விசாரிக்கிறவர்கள் கடைசியில் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள், அதை அவள் என் வாயால் கேட்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். குழந்தை அவள் மடியில் ஏறி அந்தக் கீறல்களை விரலால் தடவிக்கொண்டிருந்தது.

"அண்ணா குடுக்கட்டும் அத்தை. கூப்பிட்டா வந்து நானுதான் குடுத்தேன்னு சொல்லிடறேன். பொய் எதுக்கு?" என்றாள். அழவில்லை. எனக்குக் காப்பி கொடுத்தாள். நான் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

"அத்தை, அண்ணாகிட்ட ஒண்ணு கேக்கணும். படத்துல கடைசில அவரு, அந்தக் குழந்தகிட்டப் பிடுங்கின சின்னத் தலகாணிய வச்சிப் படுக்குறாரில்ல? அப்புறம் எழுந்திரிக்கிறாரா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அன்றைக்குக் காரிய வீட்டில் அவன் படுக்கிற இடம் வந்ததும் குழந்தை அழுகிறது என்று அவள் எழுந்து போனது பிறகுதான் ஞாபகம் வந்தது. குழந்தை அழவில்லை என்றாள் இப்போது. ஊர் ஊராக அத்தனை பேர் பார்த்துவிட்ட படத்தை அவள் இன்னும் முடிவுவரை பார்க்கவில்லை. எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள், அவன் தலையைச் சாய்க்கிறபோது ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுகிறாள். கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை.

எனக்குத் தெரியும், சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கமாட்டான். ஆனால் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை, திரை இருட்டாகும்வரை நீ காட்டிக்கொண்டே இருப்பாய். அவன் அன்றைக்கு நடிக்கவில்லை, ஷிஃப்ட் முடித்து வந்த அலுப்பில் நிஜமாகவே தூங்கிவிட்டான், அவனை எழுப்ப வேண்டாம் என்று எல்லாரையும் நீ வெளியே அனுப்பினாய் என்பது படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, உனக்கும் எனக்கும் தெரியும். அதை நான் சொன்னால் பொருந்தாது. "அவன் வருவான், அவன்கிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புகார் கொடுப்பதா, வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். நான் உன் கையைப் பிடிக்கமாட்டேன். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய். ஓசூரில் இறங்கியதும் வீட்டில் பையை வைத்துவிட்டு முதலில் பேரிகைக்குப் போ. அவள் சாப்பிடச் சொல்வாள், வேண்டாம் என்று சொல்லாதே. அவள் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசி இடத்தை ஓடவிடு. அவள் கையில் ரிமோட்டைக் கொடுக்காதே. படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதே, ஐயா.

அம்மா